மழை கேட்டுக் குகைக்குள் போனவர்கள்

குவாத்தமாலாவின் ஆல்டா வெராபாஸ் மலைப்பகுதியில் கஹபோன் என்றோர் ஆறு ஓடுகிறது. இரைச்சலும் நுரையுமாக வரும் இந்த ஆறு செமுக் சாம்பே என்ற இடத்தில் ஒரு பாறை வாய்க்குள் தலைகுப்புற விழுந்து காணாமல் போய்விடும். அதன் தலைக்கு மேலே ஏறக்குறைய 300 மீட்டர் நீளத்துக்கு இயற்கையே கட்டிய சுண்ணாம்புக்கல் பாலம். பாலத்தின் முதுகில் படிப்படியாக இறங்கும் குளங்கள், அவற்றில் பச்சையும் நீலமுமாகத் தெளிந்த நீர். ஜனங்கள் அதில் குதித்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். காலுக்குக் கீழே ஒரு முழு ஆறு ஓடுவது பலருக்குத் தெரியாது. குளத்தில் இருப்பது ஆற்று நீரும் அல்ல, பெரும்பாலும் பக்கத்து மலைச்சரிவில் ஊறி வரும் சுனைநீர். பாலம் முடிகிற இடத்தில் ஆறு மறுபடி வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோலத் தன் வழியே போகும்.

இந்த வட்டாரத்தில் சாகசச் சுற்றுலா நடத்துகிறவர்கள் ஆறு, குகை, பழைய மாயா நாகரிகத்தின் இடிபாடு மூன்றையும் தனித்தனி நாளாகப் பிரித்து விற்பார்கள். ஒருநாள் ரப்பர் படகில் கஹபோனின் சுழிப்பில் குலுங்கலாம். ஒருநாள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு குகைக்குள் இடுப்பளவு நீரில் நடக்கலாம். இன்னொரு நாள் காட்டுக்கு மேலே தலைநீட்டும் கோபுரத்தின் படிகளில் மூச்சு வாங்க ஏறலாம். போய் வந்தவர்களும் மூன்று வேறு வேறு அனுபவமாகத்தான் சொல்வார்கள். நிலவியல் தெரிந்தவர் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். ஆறு ஒளிந்துகொள்வது, மலை உள்ளுக்குள் பொத்தலாவது, கோபுரம் ஒருகாலத்தில் சாந்து பூசிப் பளபளத்தது, அதைக் கட்டியவர்கள் குடிதண்ணீருக்குத் தவித்தது எல்லாமே சுண்ணாம்புக்கல்லால் வந்தவை.

சுண்ணாம்புக்கல் பழைய கடலின் எச்சம். சிப்பிகள், பவளங்கள், கண்ணுக்கே தெரியாத கடலுயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் இறுகியது. ஆல்டா வெராபாஸிலும் பக்கத்து நாடான பெலீஸின் மலையடிவாரத்திலும் இன்று நாம் மிதிப்பது டைனோசர்கள் திரிந்த காலத்துக் கடலடி. வேதியியலில் இதன் பெயர் கால்சியம் கார்பனேட். வெறும் தண்ணீரில் இது அவ்வளவாகக் கரையாது. ஆனால் வெப்பமண்டலக் காட்டு மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் ஓயாமல் மூச்சு விடுகின்றன; மண்ணின் இடுக்குகளில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு சேர்ந்திருக்கும். அதன் வழியாக இறங்கும் மழைநீர் அந்த வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய கார்பானிக் அமிலமாகிவிடுகிறது. அந்த அமிலம் பாறை விரிசலில் நுழைந்து சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. விரிசல் பிளவாகும், பிளவு சுரங்கமாகும், சுரங்கம் ஆற்றையே விழுங்கும் அளவுக்கு வளரும்.

இந்த வேதிவினை திரும்பியும் நடக்கும் என்பதுதான் சுவாரசியம். கரைத்த சுண்ணாம்போடு வரும் துளி குகைக்கூரையில் எட்டிப் பார்க்கிறது. குகைக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைவு. எனவே துளியிலிருந்து வாயு வெளியேறுகிறது. வாயு போனதும் சுண்ணாம்பைத் தாங்கும் சக்தி துளிக்கு இல்லை. துளியளவு சுண்ணாம்பு கால்சைட் என்ற படிகமாக அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது, துளி விழுந்த தரையிலிருந்து எழும்புவது கல்முளை. செமுக் சாம்பேயின் குளங்களும் இப்படித்தான் தங்களுக்குத் தாங்களே கரை கட்டிக்கொண்டன. விளிம்பில் வழியும்போது நீர் மெல்லியதாகிச் சிதறுகிறது, வாயு வேகமாகப் போகிறது, ஆகவே படிவும் விளிம்பில்தான் அதிகம். நீர் எங்கே தாண்டிப் போகப் பார்க்கிறதோ அங்கேதான் சுவர் உயரும்.

பெலீஸ் சிறிய நாடு, பரப்பு 23 ஆயிரம் சதுர கிலோமீட்டரைத் தொடாது. 1981 வரை பிரிட்டன் கையில் இருந்தது. அதன் தெற்கே மாயா மலைத்தொடர். இந்த மலையின் ஒரு பகுதி கிரானைட், அதைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல். இந்த அமைப்பு இல்லையென்றால் பெலீஸின் குகைச் சுற்றுலாவே கிடையாது. கிரானைட்டின் மேல் பெய்யும் மழை உள்ளே இறங்காமல் ஓடையாகச் சேர்ந்து கீழே வருகிறது. கிரானைட்டில் கரைப்பதற்குச் சுண்ணாம்பு இல்லாததால் அந்த நீரின் கரைக்கும் சக்தி செலவாகாமல் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லின் எல்லையைத் தொட்டதும் மொத்த வேகத்தையும் அங்கே காட்டுகிறது. மலையின் நடுவே பைன் மரங்கள் நிற்கும் மேட்டில் ஆறுகள் வெளிச்சத்தில் அருவிகளாக விழுகின்றன; சில கிலோமீட்டர் தள்ளி அதே ஆறுகள் மலைக்குள் புகுந்துவிடுகின்றன. சிக்கிபுல் என்ற ஆறு இன்னும் துணிச்சல்காரி. பெலீஸ் பக்கம் தரைக்குள் போய், எல்லையைப் பாதாளத்திலேயே கடந்து குவாத்தமாலாவில் வெளியே வந்து, மோப்பான் ஆற்றோடு சேர்ந்து திரும்பவும் பெலீஸுக்குள் வருகிறது. குடிநுழைவு அதிகாரிகளுக்குப் பிடிபடாத பயணி.

பெலீஸின் கேவ்ஸ் பிராஞ்ச் ஆற்றில் ஒரு லாரி ட்யூபைப் போட்டு அதில் மல்லாந்து படுத்துக்கொண்டால் ஆறே நம்மை மலைக்குள் இழுத்துப் போகும். துடுப்பு வேண்டாம், திறமை வேண்டாம். வெளிச்சம் பின்னால் சுருங்கிக்கொண்டே வந்து அணைந்துவிடும். பிறகு தலைவிளக்கின் வட்டம் மட்டும். மேலே கூரையில் நீர் அரித்த வழவழப்பான குழிகள், அவற்றில் வௌவால்கள். ஒரு குகையிலிருந்து வெளிவந்து காட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு அடுத்த குகைக்குள் போகலாம். இதைக் குழந்தைகளுக்கும் ஏற்ற பொழுதுபோக்கு என்று விளம்பரம் செய்வார்கள், அது கோடையில் உண்மைதான். ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலம். மலையுச்சியில் கொட்டும் மழை இங்கே தெரியாது. ஆனால் கிரானைட் நீரைத் தேக்கி வைக்காது என்பதால் ஆறு திடுதிப்பென்று ஏறும். குகையின் கூரை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். வழிகாட்டி 'இன்று வேண்டாம்' என்றால் பணம் போனாலும் கேட்டுக்கொள்வதுதான் புத்தி.

உள்ளூர்க்காரர்கள் 'ஏ.டி.எம்.' என்று சுருக்கிச் சொல்லும் ஆக்துன் துனிசில் முக்னால் குகை வேறு ரகம். மேற்கு பெலீஸில் சான் இக்னாசியோ நகரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் இருக்கிறது. காட்டில் முக்கால் மணி நேரம் நடந்து, ரோரிங் க்ரீக் ஓடையை மூன்று முறை குறுக்கே கடந்தால் குகையின் வாய் தெரியும். நடுவில் இடை சிறுத்த உயரமான திறப்பு. அதன் அடியில் நீலப்பச்சை மடு. உள்ளே போக முதல் காரியம் அந்த மடுவில் நீந்துவது. குளிர் சுரீரென்று ஏறும். அதற்கப்புறம் சில இடத்தில் கணுக்கால், சில இடத்தில் மார்பு என்று ஓடையை எதிர்த்து நடக்க வேண்டும். ஓரிடத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே கழுத்து மட்டும் நுழையும் இடுக்கு. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினால்தான் போக முடியும். கடைசியில் ஓடையை விட்டு ஒரு பெரிய பாறையைப் பற்றி ஏறினால், மேலே உலர்ந்த தளம். அங்கே செருப்பையும் ஷூவையும் கழற்றிவிட்டு சாக்ஸோடுதான் நடக்க விடுவார்கள். தரையெங்கும் பானைகள் கிடக்கின்றன. சாக்ஸ் போட்ட கால், எதை மிதிக்கிறோம் என்பதை ஷூவைவிடச் சீக்கிரம் உணரும். தவிர கால் எண்ணெய்ப்பசை கல்லில் ஒட்டினால் அந்த இடத்தில் கால்சைட் சரியாகப் படியாது.

ஒரு பானையை மட்டும் நிதானமாகப் பார்க்கலாம். நடுத்தர அளவு, வாய் அகன்றது, பாதி உடைந்து சாய்ந்து கிடக்கிறது. அதைச் சுற்றித் தரையில் விரல் உயரத்துக்கு வளைந்து வளைந்து போகும் சிறு கரைகள். செமுக் சாம்பேயின் குளங்களைச் சுருக்கிச் செய்ததுபோல, நீர் வழிந்து கட்டிய அதே கரைகள். பானை அந்தக் குட்டைகளில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது. வைத்தவர்கள் இடம் தேடித்தான் வைத்திருக்கிறார்கள். நூற்றாண்டுகளாக வந்து போன நீர் பானையின் அடியைக் கால்சைட்டால் தரையோடு ஒட்டிவிட்டது. இனி அதைப் பெயர்த்தால் உடையும். ஆகவே அருங்காட்சியகத்துக்குப் போகாமல் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. இங்குள்ள பல பானைகளில் வேண்டுமென்றே போட்ட ஓட்டை இருக்கும். காணிக்கையாக வைத்த கலம் மறுபடி மனிதப் புழக்கத்துக்கு வரக்கூடாது, அதற்குள் இருக்கும் உயிர் விடுபட வேண்டும் என்ற நம்பிக்கை. பக்கத்தில் கரித்துண்டுகள், பைன் தீப்பந்தங்களின் மிச்சம். அந்த ஆட்கள் தலைவிளக்கு இல்லாமல், பானையைச் சுமந்துகொண்டு, தீப்பந்தம் நனையாமல் அந்த மடுவை நீந்திக் கடந்திருக்கிறார்கள்.

பானைகள் மட்டுமா என்றால், இல்லை. இந்தக் குகையில் குறைந்தது 14 மனிதர்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவர்களில் ஆறேழு பேர் சிறு குழந்தைகள். பலியிடப்பட்டவர்கள் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இருப்பதிலேயே பெயர்பெற்றது, ஏணி வைத்து ஏறும் ஒரு சிறு அறையில் மல்லாந்து கிடக்கும் முழு எலும்புக்கூடு. எலும்பெங்கும் கால்சைட் படிந்து, விளக்கொளி பட்டால் மினுக்கும். 'பளிங்குக் கன்னி' என்று பெயர் வைத்து உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். பிறகு எலும்புகளை ஆராய்ந்தவர்கள், இது இருபது வயதை எட்டாத ஓர் இளைஞனாக இருக்கலாம் என்கிறார்கள். சுவரொட்டிகளில் கன்னி கன்னியாகவே இருக்கிறாள், வியாபாரத்துக்கு அதுதான் தோது. 2012-ல் ஒரு பயணியின் கை நழுவி விழுந்த கேமரா, ஆயிரம் ஆண்டாகச் சேதமில்லாமல் கிடந்த ஒரு மண்டையோட்டில் ஓட்டை போட்டது. அதிலிருந்து உள்ளே கேமராவுக்குத் தடை. அந்தத் தடை வந்ததே நல்லது என்பேன். கண்ணால் பார்க்கிற கூட்டம் கொஞ்சமாவது தரையைப் பார்த்து நடக்கும்.

குகையை வெளியுலகுக்குத் தெரியப்படுத்தியவர் நிலவியலாளர் தாமஸ் மில்லர், 1980-களின் பிற்பகுதியில். 1990-களில் பெலீஸைச் சேர்ந்த தொல்லியலாளர் ஹைமே ஆவே தலைமையிலான குழு உள்ளே வரிசையாக ஆய்வு செய்தது. அவர்கள் கண்ட முக்கியமான சங்கதி காலக்கணக்கில் இருந்தது. இங்குள்ள பொருள்களில் பெரும்பாலானவை கி.பி. 700-க்கும் 900-க்கும் இடைப்பட்டவை. மாயா நாகரிகத்தின் தென்பகுதி நகரங்கள் உச்சத்திலிருந்து சரிந்த காலமும் ஏறக்குறைய அதுதான். நகரங்கள் தள்ளாடியபோது மக்கள் ஏன் இருட்டுக்குள் இத்தனை தூரம் வந்தார்கள்?

மாயா நம்பிக்கையில் குகை பாதாள உலகத்தின் வாசல். ஷிபால்பா என்ற அந்த உலகத்துக்குப் போகும் வழியில் ஆறுகளைக் கடக்க வேண்டும் என்று கீச்சே மாயாக்களின் புராணநூலான போபோல் வூ சொல்கிறது. குகை மழைத் தெய்வமான சாக்கின் வீடும்கூட. இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அந்த நாட்டில் நீர் மேலே இல்லை, தரைக்குள்தான் இருக்கிறது. ஈரம் மிகுந்த குகைக்காற்று குளிர்ந்த விடியலில் வெளியே வரும்போது வாயிலிருந்து புகையாகத் தெரியும். மேகம் அங்கே பிறக்கிறது என்று ஒரு விவசாயி முடிவுக்கு வந்தால், கண்ணால் கண்டதைத்தான் அவர் சொல்கிறார்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாலி மோயஸ், குகை வழிபாட்டுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைச் சோதித்துப் பார்த்தவர். மேற்கு பெலீஸிலேயே செசெம் ஹா என்று இன்னொரு குகை. கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே புழங்கியது. அங்கே கரித்துண்டுகளையும் பானைகளையும் காலவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, கடைசிக் கட்டத்தில் வழிபாட்டின் முறையே மாறியிருப்பது தெரிந்தது. பெரிய பெரிய நீர்ச்சாடிகள் வந்து சேர்ந்திருக்கின்றன. அதே வட்டாரத்தின் மக்கால் பிலக்குகையில் எடுத்த கல்முளை, அந்தக் காலத்தை வறண்ட காலம் என்று காட்டியது. மோயஸும் ஆவேயும் உடன் பணியாற்றியவர்களும் 2009-ல் எழுதிய கட்டுரையில் இதை 'வறட்சி வழிபாடு' என்றே குறிப்பிட்டார்கள். மழை பொய்க்கப் பொய்க்க, காணிக்கை கூடியது. ஜனங்கள் இன்னும் ஆழத்துக்குப் போனார்கள்.

கல்முளை எப்படி மழையைப் பற்றிச் சாட்சி சொல்லும்? தெற்கு பெலீஸின் யோக் பாலம் குகையில் எடுத்த ஒரு கல்முளை இதற்கு நல்ல உதாரணம். நீளம் அரை மீட்டருக்குச் சற்று அதிகம், 2000 ஆண்டு வரலாறு அதில் அடங்கியிருக்கிறது. நெடுக்காகப் பிளந்தால் பழுப்பும் வெள்ளையுமாக மெல்லிய அடுக்குகள் தெரியும். அடுக்கின் வயதைக் கணக்கிட யுரேனியம் உதவுகிறது. மண்ணில் துளியளவு இருக்கும் யுரேனியம் நீரில் கரைந்து துளியோடு கூடவே வந்து கால்சைட்டில் அடைபடுகிறது. யுரேனியம் சிதைந்து தோரியமாக மாறும். தோரியமோ நீரில் அநேகமாகக் கரையாது, ஆகவே மேலிருந்து வர வழியில்லை. அடுக்கில் இன்று இருக்கும் தோரியம் அங்கேயே பிறந்தது. அது எவ்வளவு என்று அளந்தால் அடுக்கு உருவாகி எத்தனை காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும்.

வயது தெரிந்தாயிற்று, மழையளவு? கால்சைட்டில் ஆக்சிஜன் இருக்கிறது. ஆக்சிஜனில் எடை குறைந்தது ஒன்று (16), எடை கூடியது ஒன்று (18). மேகத்திலிருந்து எடை கூடிய ஆக்சிஜன் கொண்ட நீர் முந்திக்கொண்டு விழும். மழை கொட்டோ கொட்டென்று கொட்டினால், தொடர்ந்து விழும் நீரில் 18-ன் பங்கு குறைந்துகொண்டே போகும். எனவே நல்ல மழை ஆண்டின் நீரில் 18 குறைவு, வறண்ட ஆண்டில் அதிகம். அந்த விகிதம் துளி வழியாக வந்து கல்லில் பதிவாகிவிடுகிறது. டக்ளஸ் கென்னெட்டும் அவருடைய குழுவும் யோக் பாலம் கல்லைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சுரண்டிச் சுரண்டி அளந்தார்கள். ஒவ்வொரு சுரண்டலும் சராசரியாக ஆறு மாதக் காலம். முடிவு 2012-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கி.பி. 440 முதல் 660 வரை வழக்கத்தைவிட அதிக மழை. நகரங்கள் பெருத்ததும் ஜனத்தொகை ஏறியதும் அப்போதுதான். 660-லிருந்து படிப்படியாக வறட்சி. 1020 முதல் 1100 வரை மிகக் கடுமையான நீண்ட வறட்சி. இதே சேதியை 1995-லேயே வேறொரு வழியில் சொன்னவர்கள் உண்டு. மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்திலுள்ள சிச்சன்கனாப் ஏரியில் நீர் வற்றும்போது ஜிப்சம் படியும். ஏரியடிச் சேற்றைக் குழாயில் எடுத்துப் பார்த்த டேவிட் ஹோடெல் குழுவினருக்கு 9, 10-ம் நூற்றாண்டுகளின் இடத்தில் ஜிப்சப் பட்டைகள் தெரிந்தன. 2018-ல் அந்த ஜிப்சத்துக்குள் சிக்கியிருந்த நீரையே ஆராய்ந்தபோது, மழை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது என்று கணக்கு வந்தது. மோசமான கட்டத்தில் 70 சதவீதம் வரைகூட.

ஆகக் குகைக்குள் பானை வைத்து மழை கேட்டவர்களின் தலைக்கு மேல் சொட்டிக்கொண்டிருந்த அதே துளி, மழை வந்ததா வரவில்லையா என்பதைப் பக்கத்திலேயே கணக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

இவ்வளவு மழை பெய்யும் காட்டில் பாதி மழை குறைந்தால் என்ன, மீதிப் பாதி போதாதா என்று கேட்கத் தோன்றும். இடிபாடுகளுக்குப் போனால் விடை கிடைக்கும். குவாத்தமாலாவின் திக்காலில் ஆறே கிடையாது. பெலீஸின் கராகோலிலும் அதே கதை. கராகோலில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் என்கிறார்கள். அங்குள்ள கானா என்னும் 43 மீட்டர் உயர மேடைதான் இன்றுவரை பெலீஸில் மனிதர் கட்டியவற்றில் மிக உயரமானது. பெய்கிற மழையைச் சுண்ணாம்புத் தரை சல்லடையாக உறிஞ்சிவிடும். ஆண்டில் நான்கு மாதம் வானம் வெளுத்துக் கிடக்கும். எனவே மழையைத் தரை விழுங்குவதற்குள் பிடித்தாக வேண்டும். முற்றங்களுக்கெல்லாம் வாட்டம் கொடுத்து, மேலே சாந்து பூசி, விழுந்த மழையை அப்படியே குளத்துக்கு ஓட்டினார்கள். திக்காலின் அரண்மனைக் குளத்துக்குக் கட்டிய அணை 80 மீட்டர் நீளம், 10 மீட்டர் உயரம், சுமார் 7.5 கோடி லிட்டர் தேக்கும். கொரியென்டால் என்ற இன்னொரு குளத்தில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஜியோலைட் என்ற கனிமத்தைக் கொண்டுவந்து நீரை வடிகட்டியிருக்கிறார்கள் என்று 2020-ல் தெரியவந்தது. கிருமிகளையும் நச்சுகளையும் பிடித்துவைக்கும் இந்தக் கனிமம் இன்றைய வடிகட்டிகளிலும் இருக்கிறது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு இதன் மறுபக்கம். அரண்மனையையும் கோயிலையும் ஒட்டிய குளங்களின் சேற்றில் பாதரசமும் நச்சுப்பாசியின் தடயமும் இருந்தன. கட்டடங்களுக்குச் சிவப்பு பூசிய சின்னபார் சாயம் மழையில் கழுவப்பட்டுக் குளத்தில் இறங்கியிருக்கிறது. அரசர் வீட்டுத் தண்ணீர்தான் ஊரிலேயே மோசமான தண்ணீர்.

சாந்து எங்கிருந்து வந்தது? அதே பாறையிலிருந்து. சுண்ணாம்புக்கல்லை விறகடுக்கி 800, 900 டிகிரி சூட்டில் வேகவைத்தால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து சுட்ட சுண்ணாம்பு நிற்கும். நீர் ஊற்றி நீற்றினால் சாந்துக்குத் தயார். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கிக்கொண்டு அது மறுபடி கல்லாகும். குகையில் நீர் செய்கிற வேலையை நெருப்பைக் கொண்டு செய்தார்கள், அவ்வளவுதான். இதற்கான விறகுக்காகக் காடு எவ்வளவு அழிந்தது, காடு அழிந்ததால் மழை இன்னும் குறைந்ததா என்பது ஆய்வாளர்களுக்குள் ஓயாத சண்டை.

சமையலிலும் சுண்ணாம்புதான். மக்காச்சோளத்தை அப்படியே தின்றால் அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடலில் சேராது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்தால் அது விடுபடும், தோலும் கழன்று வரும், மாவும் பிசைய வரும், கால்சியமும் சேரும். இந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போன இத்தாலி, ஸ்பெயின் நாட்டு ஏழைகள் பெல்லக்ரா நோயில் தோல் வெடித்துச் செத்தார்கள். நம்மூரில் கிளிஞ்சலைச் சுட்டு வெற்றிலைச் சுண்ணாம்பு எடுப்பதுபோல, அங்கே ஹூதே என்ற ஆற்று நத்தையின் ஓட்டைச் சுட்டும் சுண்ணாம்பு எடுப்பார்கள். சதையைத் தின்றுவிட்டு ஓட்டை எடுத்து வைப்பது. பெலீஸ் குகைகளுக்குள் இந்த நத்தை ஓடுகள் குவியலாகக் கிடக்கின்றன.

காட்டுக்குள் எவ்வளவு பேர் வாழ்ந்தார்கள் என்ற கணக்கு சமீபத்தில்தான் பிடிபட்டது. விமானத்திலிருந்து லேசர் கதிரை விட்டு, இலைகளின் இடுக்கில் தரையைத் தொட்டுத் திரும்புகிற கதிரை மட்டும் பிரித்து வரைபடம் போடும் லைடார் முறை. 2009-ல் கராகோலைச் சுற்றி 200 சதுர கிலோமீட்டரை இப்படிப் பார்த்தார்கள். மலைச்சரிவெல்லாம் படிக்கட்டு வயல்களாக இருந்தது. 2018-ல் குவாத்தமாலாவின் வடக்கே 2,144 சதுர கிலோமீட்டரில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் தெரிந்தன. அதை வைத்து மாயாப் பகுதியின் நடுத் தாழ்நிலம் முழுவதும் 70 லட்சத்திலிருந்து 1.1 கோடி வரை மக்கள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அத்தனை வாய்க்கும் சோளம், அத்தனை சோளத்துக்கும் மழை. பஞ்சம் எட்டிப் பார்த்தால் தாங்காது என்பது புரிகிறதல்லவா?

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் கதை அழகாக முடியும்; ஆனால் முழு உண்மையாகாது. வறட்சி வந்தது, மாயா நாகரிகம் அழிந்தது என்று ஆவணப்படங்கள் சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். 660-க்குப் பிறகு மழை குறைந்ததோடு நகரங்களுக்குள் போரும் கூடியது. மழையைக் கொண்டுவருவேன் என்று சொல்லி வரி வாங்கிய அரசர்களின் பேச்சு எடுபடாமல் போனது. திக்காலில் ஆண்டைப் பொறித்து நட்ட கடைசிக் கல் 869-ஐச் சேர்ந்தது. தென்பகுதி நகரங்களில் கடைசி 909-ல் தோனினாவில். ஆனால் அதே வறண்ட நூற்றாண்டில் வடக்கே, தென்பகுதியைவிட மழை குறைவான யுகடானில், சிச்சென் இட்சா செழித்திருக்கிறது. அங்கே நிலத்தடி நீர் வரை இறங்கும் இயற்கைக் கிணறுகள் இருந்தன. பெலீஸின் லாமனாய் நகரம் நியூ ரிவர் ஆற்றின் ஏரிக்கரையில் இருந்தது. 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வந்து தேவாலயம் கட்டியபோதும் அங்கே மாயாக்கள் குடியிருந்தார்கள். குகைச் சாடிகளுக்கும் வேறு விளக்கம் உண்டு: ஜனம் பெருகினால் காணிக்கையும் பெருகத்தானே செய்யும்?

கல்முளைகளும் இப்போது இன்னும் நுட்பமாகப் பேசுகின்றன. யுகடானின் சப்னா குகையில் எடுத்த ஒரு கல்முளையில் ஆண்டு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். அதனால் மழைக்காலத்தையும் கோடையையும் தனித்தனியே பிரித்துப் படிக்க முடிந்தது. 2025-ல் வந்த முடிவின்படி கி.பி. 871 முதல் 1021 வரை, மழைக்காலமே பொய்த்த வறட்சி எட்டு முறை வந்திருக்கிறது, ஒவ்வொன்றும் மூன்று ஆண்டுக்குக் குறையாமல். ஒன்று மட்டும் 13 ஆண்டுகள் நீடித்தது. விவசாயிக்கு இந்தக் கணக்குதான் முக்கியம். ஆண்டு மொத்தத்தில் எவ்வளவு பெய்தது என்பதில் என்ன இருக்கிறது, விதைத்த சோளத்துக்குப் பருவத்தில் பெய்ததா என்பதல்லவா கேள்வி.

மாயாக்கள் மறைந்துபோனார்கள் என்பதும் சுத்தப் பொய். இன்று 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மாயாக்கள் சுமார் 30 மொழிகள் பேசிக்கொண்டு மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் பெலீஸிலும் இருக்கிறார்கள். தெற்கு பெலீஸில் அவர்கள் வழிவழியாக அனுபவித்துவரும் நிலம் அவர்களுக்கே உரியது என்பதை 2015-ல் கரீபிய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கஹபோன் கரையில் வாழும் கெக்சி மாயாக்கள் மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் உரிய சூல்தகா என்ற தெய்வங்களைக் குகைகளில் வணங்குகிறார்கள். காட்டை வெட்டிச் சோளம் விதைக்குமுன் அனுமதி கேட்பது வழக்கம். கோபால் பிசின் புகை, மெழுகுவத்தி, கோகோ எல்லாம் படையலில் உண்டு. எனவே குவாத்தமாலாவின் காண்டெலாரியா போன்ற குகைகளுக்குப் போகிறவர்கள் சுவரில் கரியையும் தரையில் மெழுகையும் பார்த்தால், எல்லாமே ஆயிரம் ஆண்டுப் பழசு என்று எண்ணிவிட வேண்டாம். போன விதைப்புக்கு யாரேனும் வந்து வைத்துவிட்டுப் போனதாகவும் இருக்கும்.